வெள்ளியைத் தேடி வந்தவரும் சோழி பரப்பியவரும்



புதுச்சேரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சில உண்டு. துய்ப்ளேக்சின் அரசியல், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பாரதியாரும் அரவிந்தரும் அடைக்கலம் புகுந்த வீதிகள், பாரதிதாசன் பிறந்த மண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். விஞ்ஞானத்தின் வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். அந்த இடம் வெற்றியினால் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு மேகத்தினாலும் ஒரு பிடிச் சோழியினாலும் கிடைத்தது அது. அவ்விரண்டின் கதையையும், அவை இன்றைய ஆராய்ச்சியோடு எவ்வாறு தொடர்பு கொண்டுள்ளன என்பதையும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கேள்வி யாது என்று பார்ப்போம். சூரியன் பூமியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? பதினேழாம் நூற்றாண்டில் கெப்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர், கோள்கள் சூரியனிலிருந்து எந்த விகிதத்தில் விலகியுள்ளன என்பதைக் கண்டுவிட்டார். ஆயின் விகிதம் தெரிந்ததே தவிர, அளவு தெரியவில்லை. ஒரு மாளிகையின் வரைபடம் கையில் இருக்கிறது. எத்தனை விரற்கடைக்கு எத்தனை அடி என்ற குறிப்பு மட்டும் அதில் இல்லை. ஏதேனும் ஓர் அறையின் நீளம் தெரிந்தால் போதும், மாளிகை முழுவதையும் அளந்துவிடலாம். வானத்தின் நிலையும் அவ்வாறே இருந்தது.

அந்த ஓர் அளவைப் பெறுவதற்கு வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கிலேயர். வெள்ளிக் கோள் சில வேளைகளில் பூமிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வரும். அப்போது அது ஒரு சிறு கரும் பொட்டாகச் சூரியனின் முகத்தில் ஊர்ந்து செல்லும். இதனை வெள்ளிக் கடப்பு என்போம். உங்கள் கைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அவ்வாறே உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நோக்குவோருக்கு, வெள்ளி சூரியன்மீது வெவ்வேறு கோடுகளில் செல்வதாகத் தோன்றும். அந்தக் கோடுகளின் வேறுபாட்டைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டுவிடலாம்.

ஹாலி 1716ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபது. அடுத்த கடப்போ 1761இல்தான் நிகழவிருந்தது. தாம் அதைக் காணப் போவதில்லை என்பதை அவர் நன்கறிவார். பின்வரும் இளைஞர்கள் கப்பலேறிச் சென்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, 1742இல் கண்ணை மூடினார். தம் கேள்வியை அவர் பிறந்திராத ஒரு தலைமுறையிடம் ஒப்படைத்துச் சென்றார் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இக்கதையின் உயிர்நிலை அதுவேயாகும்.

அந்த ஒப்படைப்பை ஏற்றவர்களுள் ஒருவர்தாம் பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ழாந்தி. பாரிஸிலிருந்த அரச விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர் அவர். 1760 மார்ச்சு மாதத்தில், கடப்பு நிகழ்வதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வருவது எளிதன்று. அதன்மேல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பெரும்போர் வேறு நடந்துகொண்டிருந்தது. மொரீஷியஸ் தீவில் பல மாதம் காத்திருந்து, ஒரு போர்க்கப்பலில் இடம்பெற்று, 1761 மே மாதத்தில் மலையாளக் கரைக்கு அருகே வந்தார். அங்கேதான் இடிபோன்ற செய்தி எட்டியது. மாஹியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன!

நம் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தது 1761 ஜனவரியில். அதே மாதத்திலேதான் நகரமும் வீழ்ந்தது. கப்பல் வந்த வழியே திரும்பிற்று. 1761 ஜூன் 6ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ழாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, பொட்டும் தெரிந்தது. ஆனால் ஆடும் கப்பலில் கருவிகளை நிலையாக நிறுத்த இயலுமா? தாம் நிற்கும் இடம் துல்லியமாக யாது என்றாவது சொல்ல இயலுமா? பார்த்தார், குறித்தார், கணக்குக்கு அஃது உதவவில்லை.

வெள்ளிக் கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டாக வரும். பின்னர் நூறாண்டுக்கு மேல் வராது. அடுத்தது 1769இல். ஊருக்குத் திரும்பி மீண்டும் வருவதினும் இங்கேயே தங்குவது மேல் என்று லெ ழாந்தி முடிவு செய்தார். மடகாஸ்கர் கரையை அளந்து படம் வரைந்தார். பிலிப்பைன் தீவுகளின் மணிலாவுக்குச் சென்று அங்கிருந்தே நோக்கலாம் என்று கருதினார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநரோ அவரை ஐயத்தோடு பார்த்தார். இதற்கிடையே புதுச்சேரி உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பாரிஸிலிருந்தும் புதுச்சேரிக்கே செல்லுமாறு சொல் வந்தது. 1768 மார்ச்சு 27ஆம் நாள் அவர் இவ்வூரில் கால் வைத்தார்.

ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்ட நகரம் அப்போது மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அவரை அன்போடு வரவேற்று, பழைய கோட்டையின் இடிபாடுகளின்மேல் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்துத் தந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயரோ நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். சில ஆண்டுகளுக்கு முன்பு இந்நகரை இடித்தவர்களே, இங்கே விண்ணை நோக்குவதற்குக் கருவியும் தந்தார்கள். அறிவுலகில் இத்தகைய நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன.

ஓராண்டுக் காலம் ஆயத்தம் நடந்தது. 1769 ஜூன் 4 காலை, சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். ஏறத்தாழ ஏழு மணிக்கு விலகிவிடும். அதற்கு முந்திய நாட்களின் வானம் தெளிவாகவே இருந்தது. அன்று விடியற்காலையில் மேகம் திரண்டது, காற்றும் எழுந்தது. கடப்பு முடியும் வரையில் சூரியன் வெளிப்படவில்லை. முடிந்த பின்னர் வெளிப்பட்டுப் பகல் முழுதும் ஒளி வீசியது! அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்று காலை வானில் மேகமே இல்லை. பல நாள் அவரால் பேனாவைக் கையிலெடுக்கவும் இயலவில்லை. 1771இல் அவர் பிரான்சு போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவருடைய இடமும் பிறருக்குப் போயிருந்தது.

லெ ழாந்தி தோற்றார். கேள்வி தோற்கவில்லை. அதே கடப்பைத் தஹீத்தித் தீவில் கேப்டன் குக்கின் குழுவினர் கண்டனர். வேறு பல நாடுகளிலும் பலர் கண்டனர். அவர்கள் தந்த அளவுகளைக் கொண்டு 1771இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹார்ன்ஸ்பி கணித்த தொலைவு, இன்று நாம் அறிந்துள்ள தொலைவிலிருந்து நூற்றில் ஒரு பங்குகூட மாறுபடவில்லை. கேள்வி ஒருவருக்கே உரியதாய் இராமல் பலருக்கும் பொதுவாய் இருந்ததனால், ஒருவரது கண்ணை மேகம் மறைத்தாலும் விடை கிடைத்தது.

இனி, சோழியின் கதைக்கு வருவோம். சூரியனைக் காண வந்து ஏமாந்த லெ ழாந்தி, புதுச்சேரியில் வேறொன்றைக் கண்டார். தமிழர் கிரகணங்களைக் கணிப்பதைக் கேள்வியுற்று, அதனைக் கற்க முனைந்தார். பாகவதத்தைத் தமிழிலிருந்து பிரெஞ்சு மொழியில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளர் மாரிதாஸ் பிள்ளை அவருக்குத் துணைநின்றார். தரையில் அமர்ந்து, சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, வாய்க்குள் ஏதோ சொற்களை முணுமுணுத்துக்கொண்டே கிரகணத்தைக் கணித்தவர்களைக் கண்டு அவர் வியந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ்க் கணக்கு சொன்ன அளவு, உண்மையைவிட 41 விநாடி குறைவாக இருந்தது. அந்நாளில் ஐரோப்பாவிலேயே சிறந்தவை எனக் கருதப்பட்ட மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிச் சொல்லின. இதனை லெ ழாந்தியே பதிவு செய்துள்ளார். வியப்போடு ஒரு குறையையும் அவர் கண்டார். இவர்கள் வெகு விரைவாகக் கணிக்கிறார்கள். எதனால் இப்படிக் கணிக்க வேண்டும் என்று கேட்டால் விடை இல்லை.

அறுபது ஆண்டு கழித்து அதே புதுச்சேரியில் இக்காட்சி மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை பார்த்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். 1830இல் புதுச்சேரியிலேயே மறைந்தவர். இந்தியர் காலக்கணக்கைப் பற்றிக் ‘காலசங்கலிதம்’ என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டவர். அவர் முன்னிலையில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமாக இருந்த சொற்களைக் கொண்டே, 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கணிதரின் பெயரை வாரன் ‘சாமி நாடன் சாஷியா’ என்று எழுதியிருக்கிறார். அயலார் செவியில் சிதைந்த சாமிநாத சேஷய்யா போலும். எழுத்துமூலமாக ஒரு குறிப்பும் இன்றி அவர் கணித்தது, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. வான நூலின் தத்துவம் ஒன்றும் அறியாதவர், நினைவாற்றல் மட்டும் மிக்கவர் என்பதனாலேயே அவரைத் தேர்ந்துகொண்டதாக வாரன் சொல்கிறார்.

இக்கணிதருக்கு ஏளனமாக எதையும் நான் சொல்ல வரவில்லை. அவர் வாயில் இருந்த சொற்களின் பெருமையைச் சற்றே பாருங்கள். இதற்கு வாக்கிய முறை என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆகவே ஒரு சிறு வாக்கியத்தைச் சொன்னால், அதற்குள் சந்திரன் நகர்ந்த பாகையும் கலையும் அடங்கியிருக்கும். சந்திரனுக்கென 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்று. அவற்றை வரருசி இயற்றியதாக மரபு கூறும். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைவதற்கு 27.55455 நாளாகிறது. இதனை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 247.99 வரும். அதாவது 248 நாளில் சந்திரனின் வேகம் ஒன்பது முறை கூடிக் குறைந்து பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. வித்தியாசம் 13 நிமிடமே.

அந்தப் பதின்மூன்று நிமிடத்தையும் முன்னோர் விட்டுவைக்கவில்லை. சுற்றுகள் பல சேரும்போது அது பெருகும் என்பதை அறிந்து, 3031 நாள் என்ற பெரிய சுற்றையும் வைத்தார்கள். 27.55455ஐ 110ஆல் பெருக்கினால் 3031.0005 வருகிறது. பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு! இவ்வளவு நுட்பமான எண்ணைக் கண்டவர்கள், பல தலைமுறை வானத்தை உற்று நோக்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். காரணம் கேட்டு, பிழை கண்டு, திருத்தியவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் தேடிய வினா இடையில் எங்கோ கைநழுவிப் போயிற்று. விடை மட்டும் வாய்ப்பாடாக நிலைத்து, புதுச்சேரித் தரையில் சோழியாக வந்து சேர்ந்தது.

எல்லா இடத்திலும் அவ்வாறு நழுவிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. கேரளத்தில் பரமேசுவரர் என்பார் பல்லாண்டுக் காலம் கிரகணங்களைத் தாமே கண்டு, கணக்கும் காட்சியும் பொருந்தாமை உணர்ந்து, 1431இல் திருத்திய முறை ஒன்றை வகுத்தார். அவர் வழியில் வந்த நீலகண்டர், கி.பி. 1500 அளவில் கோள்களின் கணக்கையே மாற்றி அமைத்தார். கண்ட காட்சிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தும் மரபு நம்மிடமும் இருந்தது என்பதற்கு இவர்கள் சான்று.

சோழிக் கணக்கு இன்றைய ஆராய்ச்சிக்கும் ஒரு புதிரை வைத்துள்ளது. 1952இல் ஓட்டோ நாய்கெபாவர் என்னும் கணித வரலாற்றறிஞர், வாரனின் நூலைக் கொண்டு தமிழர் வானநூலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இதே 248 நாள் சுற்று பண்டைய பாபிலோனியரின் கணக்கிலும், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பாபிரஸ் ஏடுகளிலும் காணப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். 1300ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகத்தில் எழுந்த ‘வாக்கியகரணம்’ என்ற வடமொழி நூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்த பின்னர், இவ்வாராய்ச்சி மேலும் வலுப்பெற்றது. இந்த எண் யூப்ரட்டீஸ் கரையிலிருந்து காவிரிக் கரைக்கு எவ்வழியாக, எக்காலத்தில் வந்தது? வணிகரோடு வந்ததா, நூல்களோடு வந்ததா? அல்லது வானம் எல்லோருக்கும் ஒன்றே என்பதனால் இரண்டு இடத்திலும் தனித்தனியே காணப்பட்டதா? ஐயத்துக்கு இடமின்றி இன்றும் எவரும் நிறுவிவிடவில்லை. வடமொழியும் தமிழும் கணிதமும் ஒருங்கே கற்ற இளைஞர் ஒருவருக்காக இக்கேள்வி காத்திருக்கிறது.

இதனைப் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த காரைக்காலின் அருகில் திருநள்ளாறு இருக்கிறது. 2025 மார்ச்சு 29இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் கூறியது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகமோ, பெயர்ச்சி 2026ஆம் ஆண்டிலேதான் என்று அறிவித்தது. இருப்பது ஒரே சனிக் கோள். வழிபாட்டு மரபு எதுவாயினும் அஃது அவரவர் உரிமை. ஆயினும் மாணவர் ஒருவர் இவ்விரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, கணக்குகள் ஏன் பிரிந்தன, எந்த மாறிலி எந்தக் காலத்தில் திருத்தப்படாமல் நின்றது என்று கேட்பாராயின், அவர் பரமேசுவரர் நின்ற இடத்தில் நிற்கிறார் என்பேன்.

அவ்வாறு கேட்ட தமிழகத்து வானநூலார் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, தொலைநோக்கியின் வழியே விண்மீன்களைக் கண்டு, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். காட்சிக்குப் பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடியவர். லெ ழாந்தியின் மேகத்துக்கு நூற்றைந்து ஆண்டு கழித்து, 1874 டிசம்பர் 9இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அது யாது, எதனால் நிகழ்கிறது, அதனால் யாது பயன் என்பவற்றை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அந்நூல் இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. சோழியும் தொலைநோக்கியும் அவர் ஒருவரிடத்தே கைகோத்தன. விடையோடு வினாவையும் அவர் மக்களிடம் கொண்டுசென்றார்.

ஹாலி தொடுத்த கேள்விக்கு இன்று முழு விடை உண்டு. 1961இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலைகளை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்தார்கள். 2012இல் உலக வானநூலார் சங்கம், சூரியத் தொலைவின் அலகை 14 கோடியே 95 இலட்சத்து 97 ஆயிரத்து 870 கிலோமீட்டர் 700 மீட்டர் என்று நிலைப்படுத்திவிட்டது. கேள்வி முடிந்ததா என்றால், முடியவில்லை, உருமாறிற்று. ஒரு கோள் தன் சூரியனைக் கடக்கும்போது அதன் ஒளி சிறிதே மங்கும் அல்லவா? அதே குறிப்பைக் கொண்டு தொலைவிலுள்ள பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடத் தொடங்கினார்கள். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி ஒன்றே இவ்வாறு ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கண்டது. எல்லா முறைகளாலும் அறியப்பட்ட அயற்கோள்களின் தொகை 2022இல் ஐயாயிரத்தைக் கடந்தது. அவற்றுள் எதிலேனும் உயிர் உண்டா என்பதை இதுவரை எவரும் கண்டறியவில்லை.

பக்கத்து வீடாகிய வெள்ளியும் நமக்குப் புதிராகவே இருக்கிறது. ஏறத்தாழ பூமியின் பருமனே உடைய அக்கோளின் தரை ஈயத்தை உருக்கும் வெப்பத்தில் தகிக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்ததா? அறிஞர்கள் இருபிரிவாக நிற்கிறார்கள். 2020இல் அதன் மேகங்களில் பாஸ்பீன் என்னும் வாயு காணப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 2023இல் எடுத்துரைக்கப்பட்ட செய்தியோ இன்னும் சுவையானது. மகெல்லன் விண்கலம் 1991இல் அனுப்பிய பழைய படங்களை மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், எட்டு மாத இடைவெளியில் ஓர் எரிமலை வாய் உருமாறியிருப்பதைக் கண்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேலாகப் பெட்டகத்தில் கிடந்த படத்தில் விடை இருந்தது. அதனிடம் கேட்பதற்கு ஆள்தான் இல்லை. வெள்ளியைச் சுற்றிவர ஓர் இந்திய விண்கலத்தை அனுப்புவதற்கு மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்துள்ளது.

நண்பர்களே, 2004இலும் 2012இலும் வெள்ளி சூரியனைக் கடந்தது. அடுத்த கடப்பு 2117 டிசம்பர் 11ஆம் நாள். அன்று காலை புதுச்சேரிக் கடற்கரையில் சூரியன் எழும்போது, அந்தக் கரும் பொட்டு அதன் முகத்தில் இருக்கும். நாம் அதைக் காணப் போவதில்லை. ஹாலியும் தம் காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்.

உங்கள் பாடநூல்களில் விடைகள் ஏராளமாக உள்ளன. சூத்திரங்களையும் வாய்ப்பாடுகளையும் நீங்கள் சோழிக் கணிதரைப் போலவே விரைவாகச் சொல்ல வல்லவர்கள். அந்த ஆற்றலை இகழ வேண்டுவதில்லை. அதனால்தான் 248 வாக்கியங்கள் அழியாமல் நம் கைக்கு வந்தன. ஆயினும் ஒவ்வொரு சூத்திரத்தின் பின்னும் அதைத் தேடியவர் ஒருவரும், அவரைத் தூண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. விடையை மட்டும் பெற்ற தலைமுறையால் அதைக் காக்க முடிந்தது, திருத்த முடியவில்லை. ஆகவே இன்று வீட்டுக்குச் சென்று, நீங்கள் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இஃது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவர் சொல்லாவிடில் நூலகத்தில் தேடுங்கள். கிடைத்ததை உங்கள் தம்பி தங்கையருக்கும் சொல்லுங்கள். 2117இல் கடற்கரையில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லக் கூடிய சொத்து இதுவே.